ஒரே கையெழுத்து

செவ்வாய்க்கிழமை, இரவு

இன்று பத்தாம் வகுப்புக்கு ஏதென்ஸ் பாடம். அங்கே மக்கள் உடைந்த பானை ஓட்டில் பெயர் எழுதி, ஒருவரை ஊரைவிட்டே அனுப்பினார்கள். ஒரு கிணற்றில் கிடைத்த ஏராளமான ஓடுகளைச் சிலபேரே எழுதியிருந்தார்கள் என்றேன். "அப்பவே கள்ள ஓட்டா டீச்சர்!" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாலையில் கோயில் கமிட்டிக் கூட்டம். தலைவி ராசம்மா அக்காவை நீக்குவதா என்று சீட்டில் எழுதச் சொன்னார்கள். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் தலைவியானது இதுவே முதல் தடவை. சீட்டுகளை நான்தான் எண்ணினேன். நீக்கச் சொன்னவை முப்பத்தொன்று, வேண்டாமென்றவை இருபத்திரண்டு. நீக்கச் சொன்னவற்றில் பத்தொன்பதில் ஒரே சாய்ந்த எழுத்து, ஒரே பச்சை மை.

செயலாளர் முருகேசுவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"எழுதத் தெரியாதவங்களுக்கு நாந்தான் எழுதிக் குடுத்தேங்க டீச்சர். சீட்டையெல்லாம் அடுப்புல போட்டுருங்க."

அக்கா கோயில் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் சீட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வந்தவர்களில் எழுதத் தெரியாதவர்கள், எனக்குத் தெரிந்து, நான்கே பேர்.

சீட்டுகளை எரிக்கவில்லை. காலையில் அக்கா வேலைக்குப் போகுமுன் அவரிடம் காட்டிவிடுவேன். போன் அடிக்கிறது. முருகேசு, இரண்டாவது தடவை. எரித்துவிட்டேனா என்று கேட்கத்தான் இருக்கும். நான் எடுக்கவில்லை.