வெளிப்பெட்டியில் கிடந்த விளக்கு

மகளுக்கு,

நலம். உன் கல்யாண விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான். அதைப் பேச இந்தக் கடிதம் இல்லை.

நீ பாடம் நடத்தும் பல்கலைக்கழகத்தில், வேண்டாத பொருட்களை வாங்கி வேண்டியவர்களுக்குக் கொடுக்கும் அறையில் மூன்று மாதமாக வேலை பார்க்கிறேன். மின்சாரப் பொருட்களைச் சோதித்துச் சீட்டு ஒட்டுவது என் பொறுப்பு. உன்னிடம் சொல்லும் அவசியம் வரவில்லை.

திங்கட்கிழமை, அறை வாசலில் வைத்திருக்கும் வெளிப்பெட்டியில் ஒரு மேசை விளக்கு கிடந்தது. பிளக்கைத் திறந்தால், உள்ளே வயரில் இரட்டை முடிச்சு. இழுத்தாலும் வயர் கழன்று வராமலிருக்க நானாகவே யோசித்துப் போடும் முடிச்சு அது. நீ கல்லூரியில் சேர்ந்த வருடம் உனக்குச் செய்து கொடுத்த விளக்கு. நன்றாக எரிகிறது. நீ கொடுத்ததில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

மூன்று நாள் என் மேசையிலேயே வைத்திருந்தேன். முதலாண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்.

"அது கொடுக்கறதுக்கு இல்லம்மா."

"பட்டப்பகல்ல உங்களுக்கு எதுக்கு தாத்தா விளக்கு?"

சீட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டேன்.

"ரிப்பேர் ஆனா?"

"இங்கயே கொண்டு வா. நாலு மணி வரைக்கும் இருப்பேன்."

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். வெளிப்பெட்டியில் போட்டுவிட்டுப் போவது முறையல்ல. உள்ளே வந்து, ஆளைப் பார்த்து, கையில் கொடுக்க வேண்டும் என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. இவ்வளவு படித்தவளுக்கு இதையும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்பா