எழுதாமல் போன நாலு வரி

அப்பா,

நேற்றுக் கள்ளக்குறிச்சி தாலுகா ஆபீசில் ஒரு பெரியவர் கட்டைவிரலில் ஒட்டிய ஊதா மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு போனார். நீயும் அப்படித்தான் துடைப்பாய். ரேஷன் கடைக்குப் போய்வந்தால் உன் தலையில் எண்ணெயோடு அந்த மை வாசனையும் வரும். மகளைக் காலேஜில் சேர்க்கச் சாதிச் சான்றிதழ் விஷயமாகப் போன நான், வந்த வேலையை மறந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் நீங்கள் எல்லோரும் கச்சிராயபாளையம் சாலையில் புளியமரத்தை வெட்டிப் போட்டு பஸ்ஸை மறித்த வருடம் நான் மூன்றாவது படித்தேன். நீ மரத்தின் மேலேயே படுத்துக்கொண்டதைக் கரும்புக் கொல்லை வரப்பில் நின்று பார்த்தேன். மறுவாரம் பள்ளிக்கூட வாசலில் ஒரு புங்கங்கிளையைப் போட்டு நாங்களும் மறியல் விளையாடினோம். ஒருத்தி பஸ். ஸ்கேல் வைத்திருந்தவர்கள் போலீஸ். நான்தான் நீ. கிளைமேல் படுத்துக்கொண்டு, "எங்க புள்ளைங்களுக்கு எடம் குடு, அப்பறம் பஸ்ஸ வுடு" என்று நீ கத்தினதையே கத்தினேன்.

பெரிய வாத்தியார் வந்துவிட்டார். ஆறு பேரும் உச்சி வெயிலில் சரளைக் கல்மேல் முட்டி போட்டோம். அப்பா கையெழுத்தோடு மன்னிப்புக் கடிதம் கொண்டுவந்தால்தான் வகுப்புக்குள் விடுவேன் என்றார். மற்ற ஐந்து வீட்டிலும் மறுநாளே கொடுத்துவிட்டார்கள். நீ என் முட்டியைப் பார்த்தாய். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னை நேராகப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனாய்.

"கொயந்தைங்க பாத்தத வெளயாடுதுங்க. அதுக்கு முட்டி போட வெப்பீங்களா?"

அவர் கெட்டவர் இல்லை அப்பா, பயந்தவர். போலீஸ் ஜீப் தினமும் வந்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போன நாட்கள் அவை. இதுகள் விளையாடுவதைப் பார்த்தாலே எந்த வீட்டு ஆள் மரம் வெட்டினான் என்று தெரிந்துவிடும் என மெதுவாகத்தான் சொன்னார். நீ விடவில்லை. விளையாட்டுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்க முடியாது என்றாய். எனக்கு ஒரே பெருமை. கடைசியில் அவர் அலுத்துப்போய் ஒரு தாளையும் பேனாவையும் உன் பக்கம் தள்ளினார்.

"மன்னிப்புலாம் வாணாங்க. இனிமே இப்பிடி வெளயாட மாட்டாள்னு நாலு வரி எழுதிக் கையெழுத்து போட்டுட்டுப் போங்க. அது போதும்."

நீ அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாய். "கண்ணாடி எடுத்தாரல. வூட்ல எழுதிக்கினு வரேன்" என்று சொல்லி, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தாய்.

வீட்டுக்கு வந்ததும், இனி அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கமே இவள் போகக் கூடாது என்று அம்மாவிடம் சத்தம் போட்டாய். இரண்டு வருடம் கொல்லையில் கரும்புத் தோகை உரித்தேன். அம்மா அழுது மறுபடி சேர்த்தபோது என்னைவிடச் சின்னதுகளோடு உட்கார வெட்கமாக இருந்தது, ஐந்தாவதோடு நின்றுவிட்டேன். அப்புறம் கையில் கிடைத்த பேப்பரையெல்லாம் படித்துத்தான் இந்த அளவுக்கு எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு இடம் கேட்டுச் சாலையில் படுத்த நீ, எனக்கு இருந்த இடத்தை விட்டுவிட்டு வந்தாய். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. ஆனாலும் உன் சாவு வீட்டில்கூட, "எங்கப்பாவுக்கு ரோஷம் ஜாஸ்தி" என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன்.

நேற்று குமாஸ்தா கையெழுத்துக்காக மனுவைத் தன் பக்கம் தள்ளியதும் அந்தப் பெரியவர், கண்ணாடி எடுத்துவரவில்லை என்றார். அதே முகம். குமாஸ்தா ஒன்றும் கேட்காமல் மைப்பெட்டியை நகர்த்தினார். நீ கைநாட்டு வைப்பது தெரிந்தும் இத்தனை வருடம் தோன்றாதது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உனக்குக் கண்ணாடி எந்தக் காலத்தில் இருந்தது? என் எதிரில் அந்த வாத்தியாரிடம் மை கேட்க உனக்கு வாய் வரவில்லை.

மகளின் மனுவில் பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் என் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாவதில் கரும்பலகையில் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்குச் சட்டைப் பையில் அந்தத் தாளோடு என் பக்கத்தில் உட்கார்ந்துதான் நீ கூழ் குடித்தாய். கேட்டிருந்தால் எழுதிக் கொடுத்திருப்பேன் அப்பா. யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன்.