ஏறினால் வலியில்லை

தாது வருஷம், சித்திரை 5

இன்று வலி தொடைவரைக்கும் வந்து நின்றுவிட்டது. முழங்காலைத் தொடவில்லை. நல்ல நாள்.

எந்த நாள் எங்கே வலிக்கிறது என்று எழுதி வைக்கச் சொன்னவர் சங்ககிரி ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல, எதிர்க்கடை கரீம் பாஷா எழுதுகிறார். எழுதி முடித்து வாசித்துக் காட்டுவார். ஒரு சொல் மாறினாலும் பிடித்துவிடுவேன்.

"உங்க தலையே ஒரு நோட்டாட்டம் இருக்குது. அப்புறம் எனக்கெதுக்குங்ணா இந்த வேலை?" என்கிறார்.

தலை இருக்கிறது. கம்பவுண்டர் அதைப் பிரித்துப் பார்க்க முடியாதே.

சித்திரை 6

எப்போது வந்தது என்றும் எழுத வேண்டுமாம். பிங்கள வருஷம் ஐப்பசி பதினொன்று, சனிக்கிழமை. சரபங்கா நதி வெள்ளத்தில் பருத்தி வண்டி சேற்றில் இறங்கிவிட்டது. முதுகைக் கொடுத்துத் தூக்கினேன். வண்டி கரையேறியது, வலி என்மேல் ஏறியது. வண்டியை மறு வருஷமே விற்றுவிட்டேன். வலியை வாங்கத்தான் ஆளில்லை.

சித்திரை 14

என் வலிக்கு ஒரு குணம். சமதரையில் நூறடி நடந்தால் கால் மரத்துக் கட்டையாகிவிடும். இறக்கம் அதைவிட மோசம். ஆனால் முன்னால் குனிந்து மேடு ஏறினால் ஒன்றுமே இல்லை. உட்கார்ந்தாலும் இல்லை.

அதனால் சந்தைக்கு நடக்க முடியாத நான், மாடு பூட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கவலை ஓட்டுகிறேன். மாடுகள் தண்ணீரை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கும்போது வடத்தின்மேல் உட்கார்ந்து வருகிறேன். அவை பின்பக்கமாகவே மேடேறும்போது நானும் குனிந்து ஏறுகிறேன். எனக்கென்று அளவெடுத்துச் செய்த வேலை.

பார்க்கிறவர்களுக்குத்தான் இது விளங்குவதில்லை.

சித்திரை 27

மகள் ராசாத்தியின் மாமனார் ஆண்டி வந்தார். வந்த நேரம், நான் வடத்தின்மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கிறேன்.

"கவலை ஓட்டத் தெம்பிருக்குது, பாட்டுக்கும் தெம்பிருக்குது. அதெப்படியுங்க சம்பந்தி, எங்கூட்டு வழியக் கண்டா மட்டும் நோவு வருது?"

குணத்தை எடுத்துச் சொன்னேன். "மேடு ஏறுனா வலிக்காது, இறங்குனா வலிக்கும். நல்லாருக்குதுங்க!" என்று மாட்டைப் பார்த்துச் சிரித்தார். மாடு சிரிக்கவில்லை.

ஆனி ஏழாம் தேதி பேத்திக்குத் திருச்செங்கோட்டு மலைமேல் காதுகுத்து. மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும். ராசாத்திக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. என் மடிதான் அந்தப் பிள்ளைக்கு மாமன் மடி.

"மலையேற முடியாதுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க. எங்க பக்கம் மாமன் முறைக்கு ஆளிருக்குது."

வைகாசி 2

பகலெல்லாம் ஒரே யோசனை. ஏறாவிட்டால் மடி போய்விடும். ஏறினால் பேர் போய்விடும். ஆயிரத்திருநூறு படி ஏறினவனுக்கு நோவு என்றால் எவன் நம்புவான்?

"பேரு போனாப் போவுது, புள்ளையப் பாருங்க" என்கிறாள் என் வீட்டுக்காரி பொன்னாயி. இருபது வருஷமாக என் காலுக்கு எண்ணெய் போடுகிறவள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

பாஷா: "ஏறிப்போடுங்ணா. இறங்கறதப் பத்தி மேல போயி யோசிச்சுக்கலாம்."

வைகாசி 3

பாதம்வரைக்கும்.

வைகாசி 20

சம்பந்தி ஆள் அனுப்பியிருக்கிறார். காதுகுத்து முடிந்து இறங்கும்போது, அறுபதாம்படியில் நின்று, நோவு நிஜம் என்று நான் சத்தியம் செய்ய வேண்டுமாம். அந்தப் படியில் பொய் சொல்ல யாரும் துணிய மாட்டார்கள். தீராத வழக்கெல்லாம் அங்கே தீர்ந்திருக்கிறது.

செய்கிறேன் என்று சொல்லியனுப்பினேன். என்னைப் போயி பொய்யன்னு — எத்தன நாளு அழுதிருப்பேன் — பாஷா, இதை எழுதாதீங்க. எழுதிட்டீங்களா? சரி, கெடக்கட்டும்.

ஆனி 9

முந்தாநாள் நடந்ததை இன்றுதான் சொல்ல முடிந்தது. நேற்று முழுக்கப் படுக்கைதான்.

அடிவாரம்வரை வண்டியில் போனோம். குனிந்து ஏறினேன்; பொன்னாயியே பின்தங்கிவிட்டாள். சம்பந்தி அவளுக்கும் பின்னால், மண்டபத்துக்கு மண்டபம் நின்று, "காத்து நல்லா வருது" என்று உட்கார்ந்துகொண்டார்.

பேத்தி என் மடியில்தான் உட்கார்ந்தாள். ஆசாரி குத்தினதும் வீலென்று கத்தி வேட்டியை நனைத்துவிட்டாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

இறங்கத் தொடங்கினதும் பத்துப் படிக்குள் கால் கட்டையாகிவிட்டது. என்ன செய்ய? மலையைப் பார்த்துத் திரும்பி, மேல்படியில் கையூன்றிக் குனிந்து, பின்பக்கமாகவே இறங்கினேன். வலி பாதியாகக் குறைந்தது. ஏறி வந்த ஒரு கூட்டம் என்னைக் கும்பிட்டது.

"சாமிக்கு முதுகு காட்டாம எறங்கறாரு பாரு! என்ன வேண்டுதலுங்க?"

"இருவது வருச வேண்டுதலுங்க" என்றாள் பொன்னாயி, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அறுபதாம்படியில் நின்று மேலே பார்த்தால் சம்பந்தியைக் காணோம். வெகுநேரம் கழித்து வந்தார். நடந்து அல்ல, பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்து உட்கார்ந்து, படிப்படியாக. முழங்கால் இரண்டும் பூசணிக்காய்.

"சத்தியத்துக்குக் காத்திருக்கறேனுங்க" என்றேன்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாங்க" என்றார். மூச்சு வாங்கினார். "இந்தப் படியில உக்காந்துட்டு நானெப்படி வாய மூடிட்டு இருக்கறது? எனக்கும் நோவு வந்து ரெண்டு வருசமாச்சுங்க. பசங்களுக்குத் தெரிஞ்சா ஏரப் புடுங்கிட்டு மூலைல உக்கார வெச்சிருவானுங்க. உங்களப் பேசிட்டிருந்தா என்னைய யாரும் பாக்கமாட்டாங்கன்னு..."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் முழங்காலைத் தொட்டுப் பார்த்தேன். அடுப்புக்கல் மாதிரிச் சுட்டது.

மிச்சப் படிகளை இரண்டு பேரும் சேர்ந்தே இறங்கினோம். நான் பின்பக்கமாக, அவர் உட்கார்ந்து. அதற்கும் கும்பிட்டார்கள்.

ஆடி 4

சம்பந்தி வந்து மூன்று நாளாகிறது. ஆஸ்பத்திரிக்கு ஒரே வண்டியில் போய் வந்தோம். அவரையும் எழுதி வைக்கச் சொல்லிவிட்டார் கம்பவுண்டர். பாஷா பக்கத்தின் நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் என் பேரும் அந்தப் பக்கம் அவர் பேரும் போட்டிருக்கிறார்.

எனக்கு இன்று தொடைவரைக்கும்.

சம்பந்திக்கு இடது முழங்கால். "கொஞ்சந்தானுங்க" என்றார்.

"கொஞ்சமா?" என்று கேட்டேன்.

வாசலைப் பார்த்தார். அவர் வீட்டு ஆட்கள் யாரும் இல்லை.

"நெறையத்தானுங்க."

அப்படியே எழுதச் சொன்னேன்.