யார் சிரிக்கச் சொன்னது?

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் கை போனது. நிறுத்திக்கொண்டேன். இங்கே யாரும் நலமாக இல்லை. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று தெரியும். அதனால் நலமறிய ஆவலும் இல்லை.

போனில் பேசலாமே என்று நினைப்பாய். நான் குரலை உயர்த்தியதும் என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாதா? "அக்கா, இங்க சிக்னல் சரியில்ல, அப்புறம் கூப்பிடறேன்" என்பாய். உன் அகராதியில் அப்புறம் என்றால் அடுத்த வருஷம். உன்னோடு துறைமுகத்தில் வேலை பார்க்கும் வெல்டர் விடுமுறை முடிந்து நாளைக்குத் திரும்புகிறார். நீ கேட்ட முதுகுவலித் தைலம், இரண்டு துண்டு, இந்தக் கடிதம் எல்லாவற்றையும் அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும்வரை பக்கத்தைவிட்டு நகரக் கூடாது என்றும் அவரிடம் சொல்லியிருக்கிறேன். பாவம், தலையைத் தலையை ஆட்டினார்.

நேற்று வேலை முடிந்து உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி அடுப்பங்கரையில் மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் சிவந்திருந்தது. என்னடி ஆச்சு என்று கேட்டால், தும்மல் வந்ததாம், அடக்கினாளாம். ரத்தப் பரிசோதனையில் கர்ப்பம் இல்லை என்று வந்து எத்தனையோ நாளாகிவிட்டது. இன்னும் எதற்கு அடக்குகிறாய் என்று கேட்டேன். "பழகிடுச்சுக்கா" என்றாள். பிறகு கரண்டியைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "அன்னைக்கு நான் அப்படிச் சிரிச்சேனே, அதனாலதான் போயிடுச்சாக்கா?"

இந்தப் பேச்சை அவள் காதில் ஓதியது யார் என்று கேட்டேன். முதலில் கரண்டியையே திரும்பத் திரும்பக் கழுவினாள். நம் வீட்டில் வாயாடி என்று பெயர் வாங்கியவள்! விடாமல் கேட்ட பிறகு சொன்னாள். முடிவு வந்த அன்று உன்னிடம் போனில் அழுதிருக்கிறாள். அந்தக் கட்டில் செங்கல் சரிந்ததையும் தான் சிரித்ததையும் சொல்லியிருக்கிறாள். நீ சொன்னாயாம், "உன்னை யாரு சிரிக்கச் சொன்னா?" என்று. அதோடு போனை வைத்துவிட்டாயாம்.

டேய், உனக்கு நாக்கா, அரிவாளா?

அந்தச் செங்கல் கதையை முதலில் பேசிவிடலாம். லேபில் வளர்த்த கருவை உள்ளே வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்ன சொன்னார்? வழக்கம்போல நடமாடுங்கள், வேலைக்குக்கூடப் போகலாம் என்றார். நானும் அதையேதான் சொன்னேன். இந்த லேப் வேலையை நான் என்ன, பொழுது போகாமலா பார்க்கிறேன்? ஆனால் நம் வீட்டில் என் பேச்சு எடுபடுமா? அம்மா ஒரு பக்கம் சட்டம் போட்டாள். படி ஏறாதே, குனியாதே, பாத்ரூமுக்கு அடிக்கடி போகாதே. பாத்ரூமில் போய்விடுமாம்! அந்தப் பெண் அடக்கி அடக்கி வயிற்றுவலி வந்து படுத்தாள். நீ இன்னொரு பக்கம் கிரேனில் உட்கார்ந்தபடி பிளான் போட்டுக் கொடுத்தாய். கட்டிலின் கால்மாட்டை உயர்த்தினால் சரிவு உள்பக்கமாக இருக்கும், எதுவும் வெளியே வராது என்று. ஒரு காலுக்கு இரண்டு செங்கல் என்று கணக்கு வேறு. கண்டெய்னர் இறக்குகிற மூளைக்கு வேறு என்ன தோன்றும்?

நான் பார்க்கப் போனபோது அவள் தலை கீழேயும் கால் மேலேயுமாகக் கிடந்தாள். தலைமாட்டுச் சுவரில் போய் முட்டாமல் இருக்க கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் விவரம் தெரியாமல் கால்மாட்டில் உட்கார்ந்தேன். என் எடைதான் உனக்குத் தெரியுமே. செங்கல் சரிந்தது, கட்டில் ஒரு பக்கமாக இறங்கியது, நான் தட்டு நிறைய ஆரஞ்சுப்பழத்தோடு அவள் கால்மேல் உருண்டேன். ஒரு பழம் போய் அம்மாவின் கண்ணாடியைத் தட்டிவிட்டது. அவள் சிரித்தாள் பார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நானும்தான் சிரித்தேன். அந்த வீட்டில் நடந்த ஒரே நல்ல காரியம் அது. அதைத்தான் இப்போது குற்றம் என்று ஒப்புக்கொண்டு நிற்கிறாள்.

இப்போது நான் சொல்வதைக் காதைத் தீட்டிக்கொண்டு கேள். கருவறை என்பது வாய் திறந்து தொங்குகிற பை இல்லை. முன்சுவரும் பின்சுவரும் ஒன்றோடொன்று ஒட்டித்தான் இருக்கும். அதன் நடுவே, ஈரமும் பிசுபிசுப்புமாக உள்ள இடத்தில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு புள்ளியை விடுகிறோம். பிசைந்த மாவுக்குள் ஒரு கசகசாவைப் புதைத்துவிட்டு மாவைக் கவிழ்த்துப் பார், குலுக்கிப் பார், விழுகிறதா என்று. தும்மினால் விழாது. பாத்ரூம் போனால் விழாது. சிரித்தால், சத்தியமாக விழாது.

அந்தக் கருவை நான் பார்த்தவள். நம் வீட்டுக் கரு என்பதால் நான் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், என்னோடு வேலை செய்யும் பெண்தான் பார்த்துக்கொண்டாள். ஆனால் மைக்ராஸ்கோப்பில் தினமும் ஒரு தடவை எட்டிப் பார்க்க விட்டாள். ஒன்று இரண்டானது, இரண்டு நாலானது, நாலு எட்டானது. பிறகு எண்ண முடியாதபடி ஓர் உருண்டை. ஐந்தாம் நாள் உள்ளே நீர் கோத்துக் குமிழியாகியிருந்தது. ஓரமாக ஒரு சின்னக் கொத்து, அதுதான் குழந்தையாக வேண்டியது. சுற்றி ஒரு வளையம், அது நஞ்சுக்கொடிக்கு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. உள்ளே விட்ட பிறகு, விடப் பயன்படுத்திய மெல்லிய குழாயைத் திரும்ப மைக்ராஸ்கோப்பில் வைத்து, கரு அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடவில்லையே என்றும் பார்த்தோம். சுத்தமாக இருந்தது. அதற்குமேல் வேலை அதனுடையது. தன்மேல் உள்ள உறையை உடைத்துக்கொண்டு வெளியே வர வேண்டும், சுவரைத் தொட வேண்டும், ஒட்ட வேண்டும், மெல்ல மெல்ல உள்ளே புதைய வேண்டும், சுவர் அதன்மேல் மூடிக்கொள்ள வேண்டும். இவ்வளவும் நடந்தால்தான் பரிசோதனையில் ஏதாவது தெரியும்.

நிறைய கருக்கள் வழியிலேயே நின்றுவிடும். அழகாக இருப்பவையும் நிற்கும். பெரும்பாலும் உள்ளே எழுதியிருப்பதிலேயே பிழை இருக்கும், முட்டையும் விந்தும் சேரும்போதோ முதல் தடவை பிரியும்போதோ குரோமோசோம் பங்கு சரியாக விழுந்திருக்காது. அது உன் தப்பும் இல்லை, அவள் தப்பும் இல்லை. சில நேரம் ஏன் நின்றது என்று எங்களுக்கும் தெரியாது. நாள் முழுக்க லேபின் இருட்டு அறையில், கருவுக்கு ஆகாது என்று பவுடர்கூடப் போடாமல் உட்கார்ந்து இதையே பார்க்கிற எனக்குத் தெரியாது. கிரேனில் இருக்கிற உனக்கு மட்டும் எப்படிடா தெரிந்தது?

'தங்கல' என்று நம் ஆட்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஏதோ விருந்தாளி வந்த மாதிரியும், வீட்டுக்காரி முகம் கொடுக்காததால் எழுந்து போய்விட்ட மாதிரியும். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவள் தலை ஒரு சாண் கீழே போகிறது. இனிமேல் அந்தச் சொல்லை அவள் காதுபட யாராவது சொன்னால் நான் மனுஷியாக இருக்க மாட்டேன்.

உறைய வைத்த கரு இன்னொன்று இருக்கிறது, மறந்துவிடவில்லையே? டாக்டர் அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார். அவள் வரமாட்டேன் என்கிறாள். "என்கிட்ட குடுத்தா நான் அதையும் கெடுத்துடுவேன்க்கா, அது அங்கயே பத்திரமா இருக்கட்டும்" என்கிறாள். வேலையிலும் அறிவிப்பு மைக் பக்கமே போவதில்லையாம். விசாரணைக் கவுன்டரில் உட்காருகிறேன் என்று கேட்டு மாற்றிக்கொண்டாளாம். பஸ் ஸ்டாண்டில் வேறு யாரோ அறிவிப்புச் சொல்கிறார்கள். கேட்கச் சகிக்கவில்லை, எழவு வீட்டுச் செய்தி மாதிரி இருக்கிறது.

இதையெல்லாம் அம்மாவிடம் கேட்கத்தான் நேற்று அவள் அறைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். அம்மா, நீ போட்ட சட்டத்தால் அந்தப் பெண் மூச்சுவிடக்கூடப் பயப்படுகிறாள் என்று கத்தினேன். அம்மா கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு படுத்திருந்தாள். கண்ணைத் திறக்காமலே சொன்னாள், "ஜாக்கிரதையா இருக்கச் சொன்னதுல என்னடி தப்பு? நான் ஜாக்கிரதையா இல்லாமத்தானே உனக்கு முன்னாடி ஒண்ணு போச்சு."

உனக்கு இது தெரியுமா? எனக்குத் தெரியாது. எனக்கு முன்னால் ஒன்று இருந்திருக்கிறது. நாள் தள்ளிப்போய், எல்லோருக்கும் சொல்வதற்குள் போய்விட்டது. அன்று காலையில் அம்மா ஈரத்துணி வாளியை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போயிருக்கிறாள். அப்பா வேலையிலிருந்து வந்து, விஷயம் கேட்டு, ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார். "உன்னை யாரு வாளியத் தூக்கச் சொன்னா?"

நீ அப்போது பிறக்கவே இல்லை, இருந்தும் அதே வாக்கியம்! இதெல்லாம் எங்கேயிருந்துடா உங்களுக்கு வருகிறது, பாலோடு ஊட்டினார்களா?

நம் அப்பா வாளி தூக்குவாரே, நினைவிருக்கிறதா? சாகும்வரை அம்மாவை ஒரு ஈரத்துணி தூக்க விட்டாரா? காய்ச்சலில்கூட அவரே தூக்கிப் போனார். அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்வார்கள், நீயும் நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வோம். அது எதற்கு என்று இப்போதுதான் தெரிகிறது. அத்தனை வருஷமும் வாளியைத் தூக்கினார், மனுஷன், சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. நான் சொன்னது தப்பு என்று ஒரு தடவை சொல்லியிருந்தால், வாளியை அம்மாவே தூக்கியிருப்பாள்.

நான் கட்டிலில் உட்கார்ந்து அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். வாளி தூக்குவதால் ஒரு கரு போகாது, அது அதற்கு முன்பே தானாக நின்றுபோயிருக்கும், வெளியே தெரிந்ததுதான் அன்றைக்கு என்று சொன்னேன். அம்மா எழுந்து உட்கார்ந்தாள். மருந்து கன்னத்தில் வழிந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. "அப்ப அது நான் பண்ணலையா?" என்று கேட்டாள். இல்லம்மா என்றேன். நிஜமாவா என்று திரும்பக் கேட்டாள். நான் எத்தனை தடவை இல்லை என்றாலும் அவளுக்குப் போதவில்லை. யார் வாயால் கேட்க வேண்டுமோ அந்த வாய் இல்லையே. அவளை இவ்வளவு சின்னவளாக நான் பார்த்ததே இல்லை. இன்று காலையில் அவளே கால்மாட்டுச் செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கம் போட்டாளாம்.

மற்றபடி, தண்ணீர் மோட்டார் மறுபடி மக்கர் செய்கிறது, ஆள் வந்து பார்த்துவிட்டு வழக்கம்போலக் கையை விரித்துவிட்டார். உன் அத்தான் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, காரத்தைக் கொஞ்சம் குறைக்கலாமே என்றார். அவருக்கும் சேர்த்துக் கிடைத்தது. இப்போது வாசலில் நின்று பேப்பர் படிக்கிறார்.

கடைசியாக ஒன்று. நீ உன் மனைவியை முதன்முதலில் எப்படிப் பார்த்தாய் என்று கல்யாணத்தில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டாயே. பஸ்ஸுக்காக நின்றாய். மைக்கை அணைக்க மறந்துவிட்டு யாரோடோ பேசிச் சிரித்துவிட்டாள். பஸ் ஸ்டாண்ட் முழுக்க அந்தச் சிரிப்பு கேட்டது, கண்டக்டர் முதல் கூடைக்காரி வரை எல்லோரும் சிரித்தார்கள். நீ பஸ்ஸை விட்டுவிட்டுக் கவுன்டரைத் தேடிப் போய், இன்னொரு தடவை சிரிங்க என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாய்.

யார் சிரிக்கச் சொன்னது என்று கேட்டாயே. நீதான்டா சொன்னாய்.

இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் அவளைக் கூப்பிடு. டாக்டர், அடுத்த மாதம், அந்த இன்னொன்று, எதையும் எடுக்காதே. அவள் வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் அது அவள் இஷ்டம். நான் அன்றைக்குச் சொன்னது தப்பு என்று மட்டும் சொல். சொல்லிவிட்டு வைத்துவிடாதே, அவள் அழுது முடிக்கும்வரை இரு. அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டியவர் சொல்லாமலே போய்விட்டார். நீ இருக்கிறாய்.

என் ஆசீர்வாதம் எல்லாம் இப்போதைக்கு அவளுக்குத்தான். உன் பங்கைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், பஸ் ஸ்டாண்ட் மைக்கில் அவள் குரல் கேட்கிற அன்று அனுப்புகிறேன்.

உன்மேல் கோபம் தீராத,
அக்கா