கடைசிக் கேள்விக்கு நான் போட்ட ஐந்து

என் அருமைத் தங்கச்சி வாசுகிக்கு,

இன்றைக்கு மறுபடியும் எனக்குக் கணையத்தில் புற்றுநோய் வந்தது. காலை பத்து மணிக்கு ஒரு பிள்ளை வந்து சொன்னாள். மத்தியானம் கழிய நான் சுகமாகி, சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு, காரை எடுத்து ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். நீர் போய் நான்கு மாதம். உமக்கு வந்தது மட்டும் சுகமாகவில்லை.

இதை எட்டிப் பார்த்துப் படிக்கிறவர்களுக்கு என் வேலை விளங்க வேண்டும். மருத்துவம் படிக்கிற பிள்ளைகள், கெட்ட செய்தியை நோயாளியிடம் எப்படிச் சொல்வது என்று பழக வேண்டும். அதற்கு உண்மையான நோயாளியைக் கொடுக்கலாமா? ஆகவே என்னைப் போல நடிக்கத் தெரிந்த ஆட்களை ஒரு அறையில் இருத்தி, பிள்ளைகளை ஒவ்வொருவராக உள்ளே விடுவார்கள். இந்த வேலைக்கு என்னை இழுத்து வந்தவர், அவர்களுக்குப் படிப்பித்த டொக்டர் நீர்.

நினைவிருக்கிறதா? ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நாடகம். மேடையில் நான் செத்து விழுந்து, திரை மூடி, முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன். நீர் பின்பக்கமாக வந்து, "அண்ணை, நீங்கள் நல்லாச் சாகிறீங்கள். எங்கடை ஸ்ருடன்ற்ஸுக்கு முன்னாலை வந்து கொஞ்சம் வருத்தக்காரனா இருக்கேலுமோ?" என்று கேட்டீர். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இருபது வருடம் நின்றவனுக்கு, இருந்தபடியே செய்கிற வேலை கசக்குமா? முதலில் "டொக்டர், நீங்கள்" என்று கதைத்தேன். நீர் ஏசி ஏசியே அதைத் "தங்கச்சி, நீர்" ஆக்கிவிட்டீர்.

உமக்கு இந்த ஆராய்ச்சிப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரம்தான் சொன்னீர். பதின்மூன்று வயதில் அப்பாவுடன் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறீர். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. டொக்டர் நின்ற நிலையிலேயே உமக்குச் சொல்லிவிட்டு, "அப்பாவுக்கு விளங்கப்படுத்து" என்று போய்விட்டார். பள்ளிக்கூடப் பையைத் தோளில் போட்டபடி, அப்பாவுக்கு அவருடைய சாவைத் தமிழில் சொல்ல வேண்டி நின்றீர். "சின்னக் கட்டியாம் அப்பா, கரைஞ்சிடுமாம்" என்றுதான் சொன்னேன் அண்ணை, என்றீர். அவர் கடைசி வரை அதை நம்பினார். அந்தப் பொய்யைத்தான் நீர் வாழ்நாள் முழுக்கத் திருத்திக்கொண்டிருந்தீர்.

எல்லாவற்றையும் ஒரு முறையாக்கிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தீர். கதிரையை இழுத்து நோயாளிக்கு முன்னால் இரு. கைபேசியை நிறுத்து. நோயின் பெயரைச் சுற்றிவளைக்காமல் சொல். சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு அந்த மனுசனுடன் இரு. இதைப் படிப்பிக்க முடியுமா, படித்தது பிறகும் நிலைக்குமா? அதுதான் உம்முடைய கேள்வி. பிள்ளை வெளியே போனதும் நான் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். கடைசிக் கேள்வி: இந்த டொக்டரிடம் நீங்கள் திரும்பிப் போவீர்களா? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு இலக்கத்தை வட்டமிட வேண்டும்.

"மற்றதெல்லாத்தையும் கமெரா பாக்கும் அண்ணை. இதை உங்களாலை மட்டும்தான் சொல்லேலும்" என்றீர்.

தங்கச்சி, நான் எல்லாருக்கும் ஐந்து போட்டேன்.

அருண் என்று ஒரு பெடியன் வந்தான். எங்கடை பெடியன். தகப்பன் ரக்சி ஓடிப் படிப்பித்தவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவன் எல்லாம் சரியாகத்தான் செய்தான். இருந்தான், சொன்னான், மௌனமானான். ஆனால் அந்த மௌனத்தில் அவன் கண் என் தலைக்கு மேலே இருந்த மணிக்கூட்டுக்குப் போனது. எத்தனை விநாடி போயிற்று என்று எண்ணிக்கொண்டிருந்தான். நடிப்பென்று தெரிந்தும், என்னைத் தனியே விட்டுப் போனது போல இருந்தது. பேனையை எடுத்தேன். பாவம், எங்கடை பிள்ளை, அவன்ரை வாழ்க்கையில் நான் ஏன் மண் போட வேணும்? ஐந்து.

அவனுக்குப் போட்டால் பக்கத்துப் பிள்ளைக்கும் போடத்தானே வேண்டும்? அடுத்த அறைகளில் நடித்த நம்மவர்களும் தேத்தண்ணி நேரத்தில் அதைத்தான் சொன்னார்கள். "போடுங்கோ அண்ணை அஞ்சை. குறைச்சா எங்களுக்கு என்ன கிடைக்கப்போகுது?" பள்ளிக்கூடத் தமிழ்ப் போட்டியில் எல்லாப் பிள்ளைக்கும் பரிசு கொடுத்துப் பழகிய சனமல்லவா நாங்கள். நீர் அந்த ஐந்துகளைக் கூட்டிப் பிரித்துக் கட்டுரை எழுதினீர். படிப்பிக்கலாம், நிலைக்கும் என்று எழுதினீர். வேறு ஊர்களிலும் உம்முடைய முறையை எடுத்துக்கொண்டார்கள். நீர் கேக் வெட்டினீர். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

பிறகு உமக்கே வயிற்றில் வருத்தம் வந்தது. பரிசோதனை முடிவு வாங்கப் போன நாள் கணவர் சிவாவைக் கூப்பிடாமல் என்னைக் கூப்பிட்டீர். "நீங்கள்தானே அண்ணை உதிலை பழகின ஆள்" என்று பகிடி விட்டுச் சிரித்தீர். கதவைத் திறந்துகொண்டு டொக்டராக வந்தவன் அருண்.

உம்மைக் கண்டு திடுக்கிட்டான். ஆனாலும் கதிரையை இழுத்து இருந்தான். கைபேசியை நிறுத்தினான். புற்றுநோய் என்று பெயரைச் சொன்னான். பிறகு மௌனம். அவன் கண் உம்முடைய தலைக்கு மேலே போனது. நீரும் திரும்பிப் பார்த்தீர். அங்கே மணிக்கூடு இருந்தது.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் ஒரே வாகன நெரிசல். நீர் முன்னால் நின்ற வாகனத்தையே பார்த்துக்கொண்டு வந்தீர். பிறகு, "அண்ணை, அந்தப் பெடியனுக்கு நீங்கள் எத்தினை போட்டனீங்கள்?" என்று கேட்டீர்.

"ஞாபகம் இல்லைப் பிள்ளை" என்றேன்.

எத்தனை வருடம் உமக்காக நடித்தேன். அன்றைக்கு நீர் என்னை நடிக்கச் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து உம்முடைய பிக்கரிங் வீட்டுக்கு வந்தேன். சோபாவில் படுத்திருந்தீர். கை குச்சியாக இருந்தது. வயிற்றில் தலையணை, அதன் மேல் கணினி. பழைய வீடியோவை ஓடவிட்டு, என் படிவத்தையும் பக்கத்தில் வைத்திருந்தீர். "பாருங்கோ அண்ணை, உங்கடை முகம் ஒண்டு போடுது. கை அஞ்சு போட்டிருக்கு. மற்ற வீடியோக்களும் உப்பிடித்தான். நான் எழுதினது பிழை எண்டு கட்டுரையைப் போட்ட ஆக்களுக்கு அறிவிக்கோணும். என்ன நடந்தது எண்டு நீங்கள் சொன்னாத்தான் எடுபடும்."

நான் என்ன சொன்னேன்? "இப்ப ஏன் உதெல்லாம்? முதலிலை நீர் சுகமாகும்" என்றேன். கரைஞ்சிடும் அப்பா என்று நீர் சொன்ன அதே பொய். அதை உம்மிடமே சொன்னேன்.

"நீங்களுமோ அண்ணை" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர். அதற்குப் பிறகு நாம் பேசவில்லை. பதினொரு நாளில் நீர் இல்லை.

செத்த வீட்டுக்கு அருணும் வந்தான். கையைக் கட்டிக்கொண்டு ஒரு மூலையில் நின்று அழுதான். அவன் மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஒருநாள், ஒரேயொரு நாள், நான் ஒன்று போட்டிருந்தால் அவன் திருந்தியிருப்பான். உமக்கு அந்த அறையில் ஒரு மனுசன் கிடைத்திருப்பான்.

போன கிழமை சிவாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மனுசன் எழும்பி நின்று, "அவள் போயும் நாலு மாதம் ஆகேல்லை, அவளின்ரை பெயரையும் கெடுக்கப் போறீங்களோ?" என்று கத்தினார். உம்முடைய பெயர் கெடும்தான், தங்கச்சி. கட்டுரையைத் திரும்பப் பெறுவார்கள். அதில் என் பெயர் எங்கும் இல்லை, உம்முடைய பெயர்தான் இருக்கிறது. இது நியாயமா என்று உம்மிடம்தான் கேட்க வேண்டும். அறிவிக்கோணும் என்று நீர் ஏற்கெனவே சொல்லிவிட்டுத்தானே போனீர்.

இன்றைக்கு வந்த பிள்ளையும் எங்கடை பிள்ளைதான். அவளும் மணிக்கூட்டைப் பார்த்தாள். முடிந்ததும், "அங்கிள், எப்பிடி?" என்று சிரித்துக்கொண்டு கேட்டாள். நான் இரண்டை வட்டமிட்டு அவளிடமே காட்டினேன். "பிள்ளை, நீர் என்னைப் பாக்கேல்லை. மணிக்கூட்டைப் பாத்தனீர். உம்மட்டை நான் திரும்பி வரமாட்டன்" என்றேன். அந்தப் பிள்ளையின் முகம் கறுத்துப்போனது, அழுதாள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்துவிட்டு, "இன்னொருக்காச் செய்யட்டோ?" என்றாள். இரண்டாம் முறை பாதியை மறந்துபோனாள், ஆனால் என்னைப் பார்த்தாள். மூன்று போட்டேன். அதற்கு மேல் போட வரவில்லை.

பிறகு மாடிக்குப் போய் உம்முடைய பகுதித் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். வீடியோக்களை மறுபடி பார்ப்பதற்குச் செவ்வாய்க்கிழமையிலிருந்து என்னை வரச் சொல்லியிருக்கிறார். என்னோடு நடித்தவர்களையும் கூட்டி வரச் சொன்னார். வருவார்களோ தெரியாது. நான் போவேன். ஒவ்வொன்றாக இருந்து பார்த்து, என் முகம் என்ன போட்டதோ அதையே கையாலும் எழுதுவேன். அருணுடையதை முதலில் எடுப்பேன்.

அது முடிந்தபின், அன்றைக்கு நெடுஞ்சாலையில் நீர் கேட்டதற்கு நான் சொன்ன பொய்க்காக, ஒரு படிவம் எனக்கும் நிரப்புவேன். இந்த அண்ணனிடம் நீர் திரும்பி வருவீரா? அதில் ஒன்று என்ற இலக்கத்தை வட்டமிடுவேன், தங்கச்சி.

கூடப் பிறக்காத, பொய் சொன்ன,
உம்முடைய செல்வம் அண்ணை