ஏணைச் சேலை

திண்டிவனம்,
9.2.1963

தையல்நாயகிக்கு,

பிள்ளைக்கு ஏணை கட்டிய மஞ்சள் சேலையை மட்டும் அனுப்பச் சொல்லி எழுதியிருந்தாய்.

கிண்டி குதிரைப் பந்தயத்தில் ஒன்பது கோப்பை ஜெயித்து, இந்தப் பண்ணையில் நாற்பது குட்டிகளுக்குத் தகப்பனான சுல்தானுக்கு நேற்று கால் முறிந்தது. சுடுவதுதான் வழி என்றார் டாக்டர். “உன் கைக்குத்தான் அடங்கும், நீயே புடிச்சிக்கோ” என்றார் மானேஜர். குதிரை மிரளாமலிருக்கக் கண்ணைக் கட்டவேண்டும். வீட்டுக்கு ஓடி, கைக்கு அகப்பட்ட துணியை எடுத்துவந்து கட்டினேன். கட்டிய பிறகுதான் அது எந்தச் சேலை என்று பார்த்தேன்.

சுல்தான் கடைசிக் கோப்பை ஜெயித்த அன்று, “புள்ளைக்கு ஜொரம், ஜல்தி வாங்க” என்று கிண்டிக்கு ஆள் அனுப்பினாய். பந்தயம் முடியட்டும் என்று இருந்துவிட்டேன். நான் வந்தபோது ஏணையை அவிழ்த்து மடித்துவைத்திருந்தாய்.

சேலை சுல்தானோடு மண்ணுக்குள் போய்விட்டது. அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை.

நம் பிள்ளையின் அப்பன்