பரிசு வாங்கிய தெருக்குழாய்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதினால் உன் அப்பாவின் இடுப்பு சிரிக்கும். மூன்று மாடி குடம் தூக்கி ஏறுகிறார். தூக்கவே கூடாது என்கிறார் டாக்டர், அப்போ அவரையே வந்து தூக்கச் சொல்லு என்கிறார் இவர். சொல்லிச் சொல்லி என் வாய் ஓய்ந்துவிட்டது.

நம் தெருவுக்குக் குடிநீர் வாரியம் பரிசு கொடுத்தது, கேள்விப்பட்டாயா? ஊரிலேயே குறைவாகத் தண்ணீர் செலவழித்த தெருவாம். ஒருநாள் விட்டு ஒருநாள் நூல் மாதிரி வருகிறது, அதில் எதைச் செலவழிப்பது? வாரியத்துக்காகத் தெருத்தெருவாகப் போய்த் தண்ணீர்ச் சிக்கன வகுப்பு எடுத்துத்தான் நம் வீட்டு அடுப்பு எரிகிறது, அதனால் நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் விழாவுக்கு முதல்நாள் எங்கள் பிரிவு மேடம் சொன்னாள், உங்க தெரு சமாளிச்சுக் காட்டிடுச்சு, இனி தண்ணி இதே அளவுதான் நிரந்தரம், நாளைக்கு மேடையிலேயே அறிவிக்கிறோம் என்று. உன் அப்பாவிடம் சொன்னேன், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

குழாயில் சிக்கன மூடி மாட்டாமல் கை கழுவினால் எவ்வளவு போகிறது, மாட்டினால் எவ்வளவு மிச்சம் என்று வாளி வைத்துக் காட்டுவதுதான் என் வகுப்பு. நான் போகிற தெருவில் குழாயில் தண்ணீர் வராது என்று வாரியத்துக்கே தெரியும், அதனால் குழாய் வைத்த பெரிய கேனில் தண்ணீர் நிரப்பி ஜீப்பில் ஏற்றி அனுப்புவார்கள். புல்தரைக்குப் பீய்ச்சி அடிக்கிற பங்களாத் தெருவுக்கு மட்டும் என்னை ஒருநாளும் அனுப்பியதில்லை. விழா நம் தெருவிலேயே பந்தல் போட்டு நடந்தது. அன்றைக்குக் கேனை ஆபீசிலேயே விட்டுவிட்டேன். இந்த அம்மா செய்து காட்டுவார் என்று பெரிய இன்ஜினியர் மைக்கில் சொன்னதும் நேரே போய்த் தெருக்குழாயைத் திறந்தேன். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. நல்லாத் திறங்கக்கா, புது ஆளுங்களப் பாத்து வெக்கப்படுது என்றாள் மாடி வீட்டுத் தையல்காரி. கேன் எங்கே என்று மேடம் பல்லைக் கடித்தாள். பரிசு வாங்கின குழாயாச்சே மேடம், இதிலேயே காட்டிடலாம்னுதான் என்றேன். தைரியமெல்லாம் இல்லை, அவள் முகத்தைப் பார்க்காமல் குழாயையே திருகிக்கொண்டிருந்தேன். அதற்குள் காற்றுச் சத்தத்தைக் கேட்டுத் தண்ணீர்தான் வரப்போகிறது என்று வீட்டுக்குள் இருந்தவர்களெல்லாம் குடத்தோடு ஓடிவந்து பந்தலுக்கு நடுவிலேயே வரிசை போட்டுவிட்டார்கள். யாரும் கோஷம் போடவில்லை. இடம் பிடிக்கத்தான் சண்டை போட்டார்கள். இன்ஜினியர் அதைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த அறிவிப்புக் காகிதத்தைப் படிக்காமலேயே மடித்துக்கொண்டார்.

அந்த அறிவிப்பு இப்போதைக்கு இல்லையாம். அதற்காகத் தண்ணீர் ஒரு சொட்டும் கூடவில்லை. எனக்குத்தான், இனி வகுப்புக்கு வர வேண்டாம் என்று போன் வந்தது. சும்மா இருக்கிறேனே என்று குடத்தை நான் தூக்கிக்கொண்டேன். உன் அப்பா படியில் உட்கார்ந்து, சிந்தாம ஏறு, ஊருக்கே பாடம் எடுத்தவ என்கிறார். குடத்தாலேயே ஒன்று போடலாம் என்று வந்தது, சிரிப்பு முந்திக்கொண்டது.

வயிறாரச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கி, இரண்டு பேரும் நன்றாக இருங்கள். வேலை போனதை மாப்பிள்ளையிடம் இப்போதைக்குச் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அப்பாவை டாக்டரிடம் போகச் சொல்லி நீயே திட்டு, நான் சொன்னால் ஏறாது.

உன் அம்மா